பட்டாணி என்கிற ஒருத்தி

பட்டாணியின் மேல் அவளுக்கு அப்படியொரு எரிச்சல். இத்தனைக்கும் அந்தப் பட்டாணி கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது!

மருந்துக்கடையில் ஆறு நாளும் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள். ஞாயிறு மதியம் மட்டும் அண்ணியோடு ஊருக்கு வெளியே புதையல் வேட்டை. யாரோ ஒருவர் வயல்வெளியில் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு, அது இருக்கும் இடத்தைச் செல்போன் செயலியில் போட்டுவிடுவார். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் தங்கள் புனைபெயரை எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதில் அவள் பெயர் அணில். அண்ணி, கொட்டை எழுத்தில், சிங்கம்.

நத்தை என்று ஒருவன் இருந்தான். முகம் பார்த்ததில்லை. ஆனால் அவன் பெயருக்குக் கீழே எப்போதும் ஒரு வரி இருக்கும். 'முள்ளில் சட்டை கிழிந்தது, அடுத்து வருபவர் குனிந்து வரவும்.' 'அணில் இங்கேயும் எனக்கு முன்னால் வந்தாச்சா... சரிதான்.' ஒரு வருஷமாக அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் கல்லிலும் முள்ளிலும் நடந்தாள். அண்ணியிடம்கூட மூச்சுவிடவில்லை.

நாலு மாதமாக நத்தைக்குக் கீழே பட்டாணி. அதுவும் ஒரே பேனா, ஒரே கை. கிறுக்கலைப் படித்தே பழகிய கண்ணுக்கு இது தெரியாதா? மகாராணிக்குத் தன் பெயரை எழுதக்கூட விரல் நோகுமாம், அவன் எழுதிக் கொடுக்கிறானாம்... நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. போன வாரம் கிடைத்த நோட்டில் அதற்கும் மேலே ஒன்று. 'நானும் பட்டாணியும் இன்னும் ஒரே ஒரு டப்பா தேடுவோம். அதோடு சரி.'

கல்யாணம்தான், வேறென்ன என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். இனி அந்த ஒரு வரியும் கிடையாது. இன்று கிளம்பும்போதே முகம் உம்மென்று இருந்தது.

வானம் மூடிக்கொண்டு வந்த மதியம். சோளக்கொல்லை ஓரமாக மண்பாதை, பின்னால் அண்ணி. இன்னும் பன்னிரண்டு மீட்டர் என்றது செல்போன். வறண்ட வாய்க்காலின் சிறுபாலத்துக்கு அடியில் ஒருவன் குனிந்திருந்தான். கையில் டப்பா! விவரம் தெரியாத யாரோ குப்பை என்று தூக்கிப்போடப் போகிறார்கள்...

"அதைக் கீழ வைங்க. அது குப்பை இல்ல."

அவன் நிமிர்ந்தான். அவசரமே இல்லாத, அகலமான கண்கள். பேர் எழுதிவிட்டு வைத்துவிடுவதாகச் சொன்னான். அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். நத்தை. அதற்குக் கீழே 'பட்டா' வரை எழுதியிருந்தது.

இவனா... இவனேதானா?

அந்த நேரம் பார்த்து மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் பாலத்துக்கு அடியில் ஒண்டினார்கள். அண்ணி சும்மா இருப்பாளா? அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன் என்பது வரை இரண்டே நிமிஷத்தில் கறந்துவிட்டாள். அவன் அண்ணியைப் பார்த்துச் சிரித்ததுகூட இவளுக்குப் பொறுக்கவில்லை. தான் அணில் என்று வெடுக்கென்று சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது... உடனே வாடியது. அவளைத் தாண்டி, மழை பெய்யும் பாதையில் யாரையோ தேடினான்.

"பட்டாணி வரலையா?"

"இல்லைங்க. உங்க... சிங்கம் வரலையா?"

"சிங்கத்தைப் பத்தி உங்களுக்கு என்ன? வராத ஆளுக்குப் பேர் எழுதக் கூடாது. அது தெரியாதா?"

வந்தது வீம்பு. வாயை அடக்கியிருக்கலாம். அவன் நோட்டை மூடி, டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தான். போகட்டும், பட்டாணி குடையோடு காத்திருப்பாள் என்று கறுவிக்கொண்டாலும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தம்பி, நில்லுங்க. சிங்கம் நான்தான். இவ அண்ணன் பொண்டாட்டி."

அவன் நின்றான். நனைந்துகொண்டே நின்றான். திரும்பி வந்தபோது தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை அவனுக்கு.

"பட்டாணின்னு யாரும் இல்லைங்க," என்றான்.

அப்புறம் தட்டுத்தடுமாறிச் சொன்னான். எந்த நோட்டைத் திறந்தாலும் அணிலுக்குக் கீழே கொட்டை எழுத்தில் சிங்கம் உட்கார்ந்திருந்ததாம். ஆம்பளை எழுத்து என்றே நினைத்தானாம். அவர்கள் ஜோடியாக வர, தான் மட்டும் ஒண்டியாக அலைவது கேவலமாக இருந்ததாம். அதனால் தனக்கும் ஒரு துணையை எழுதிக்கொண்டானாம். அப்படியும் சிங்கத்தின் பெயரைப் பார்க்கப் பொறுக்காமல் போய்... அதனால்தான் நிறுத்திவிடலாம் என்று.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மழை விட்டதா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழை விடவில்லை.

"நாலு மாசமா இல்லாத ஒருத்தி மேல நான் வயிறெரிஞ்சுட்டு இருந்திருக்கேன்," என்றாள் அவள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும். போதுமா?"

அவன் முகம் மறுபடி மலர்ந்தது. அவளோ அப்போதும் விடுவதாக இல்லை.

"நெஜமாவே யாரும் இல்லையே? யாரையும் நெனைக்காமலா நாலு மாசம் ஒரு பொண்ணு பேரை எழுதினீங்க?"

"நெனச்சுதான் எழுதினேன்."

"யாரை?"

"உங்களைத்தான்..."