இனிப்பில்லாத மாவு

அந்த ஒரு அச்சு மட்டும் என்ன உருவம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நட்சத்திரம், பிறை, மீன், வாத்து என்று டப்பாவில் கிடந்த மற்றதெல்லாம் கடையில் வாங்கியவை. இது யாரோ தகரத்தைக் கையால் வளைத்துச் செய்தது. மேலே அகன்று, கீழே போகப் போகக் குறுகி, ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம்.

"இது என்னக்கா, நசுங்கிப்போன பேரிக்காயா?"

"அதுலதான் நிறைய வேணும். பாதியை அப்படியே வெட்டு. பாதியை அச்சைத் திருப்பிப் போட்டு வெட்டு." அக்கா தலை நிமிரவில்லை. கட்டையால் மாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். இன்றைக்கு எதையும் துருவிக் கேட்கிற மனநிலையில் அவள் இல்லை. ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த அக்கா, போன வாரம் தானே போன் பண்ணி, "லீவுக்கு வாடி குட்டி, ரெண்டு பேருமா பிஸ்கட் சுடலாம்" என்றதும், அழகு நிலையத்தில் கூட்டம் நெரிகிற நேரம் என்றுகூடப் பார்க்காமல், முதலாளியம்மாவோடு மல்லுக்கட்டி விடுப்பு வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்ததே அக்காதான். ஊசி போடும்போது எல்லோரும் "வலிக்காது" என்பார்கள். அக்கா மட்டும், "வலிக்கும், என் கையைப் பிடிச்சுக்கோ" என்பாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

அப்படிப்பட்டவள், அத்தான் இறந்ததை எல்லாம் முடிந்த பிறகு ஒரே வரியில்தான் தெரிவித்தாள். "நீ வர வேண்டாம்" என்று வேறு. அந்தக் கோபம் காலையில் வாசலில் அக்காவைப் பார்த்ததுமே கரைந்துவிட்டது. கன்னம் ஒட்டி, விரல் நுனிகளெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் மாவு வெள்ளையாக ஏறி, அக்கா பாதியாகியிருந்தாள். இவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

சமையலறை கதகதப்பாக இருந்தது. உருகும் வெண்ணெயும் வெனிலாவும் கலந்த மணம் சுவரிலெல்லாம் ஊறியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்து, வெளியே இறங்கிக்கொண்டிருந்த வெயில் அழுக்கு மஞ்சளாக உள்ளே கசிந்தது. ஆனால் அந்த மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீர் மாதிரி. ஓவன் கதவைத் திறக்கும்போது மறைந்து, மூடியதும் மெல்லத் திரும்பி வந்தது. கூடத்துக்கு அந்தப் பக்கம் சாத்தியிருந்த அறையிலிருந்து அவ்வப்போது ஒரு சத்தம். ஈரத் துணியைச் சுவரோடு இழுத்துக்கொண்டு போவதுபோல. பிறகு, ஏதோ மெத்தென்று தரையில் விழுவதுபோல.

"உள்ள யாருக்கா?"

"பைப்புடி. பழைய வீடு."

சொல்லிவிட்டு அக்கா கட்டையை இன்னும் அழுத்தி உருட்டினாள். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் அழுத்தி உருட்டுவதை இவள் அப்போதுதான் கவனித்தாள்.

விரலில் ஒட்டியிருந்த மாவை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பு. வெறும் உப்பு.

"சர்க்கரையே போடலையே நீ!"

"அது வேற மாவு." அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உன் போனைக் குடு, சார்ஜ் போடறேன். வெண்ணெய் தீர்ந்துபோச்சு, கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஓவனைப் பார்த்துக்கோ. செவக்க விட்டுடாதே. நம்ம கை நிறத்துக்கு வந்ததும் எடுத்துடு."

நம்ம கை நிறத்துக்கு. பிஸ்கட்டுக்கு இப்படி யாராவது நிறம் சொல்வார்களா? கேட்பதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டு, குனிந்து அவள் நெற்றியில் முத்தம் வைத்தாள். உதடு சில்லென்றிருந்தது. வாசல் கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.

வெளியிலிருந்து.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டு முழுக்க வெண்ணெய் அடுக்கியிருந்தது.

சும்மா நின்றாள். ஓவன் மணி அடித்தது. பழக்கத்தில் துணியைப் பிடித்துத் தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தாள். நேராக வெட்டிய ஒன்றும் திருப்பி வெட்டிய ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் உப்பிக் கிடந்தன. தினமும் காது குத்தி, கம்மல் மாட்டிப் பழகிய கண் அவளுடையது. இனி அதை ஏமாற்ற முடியவில்லை.

காதுகள். இடது, வலது. இடது, வலது. தட்டு நிறைய.

வாசலுக்கு ஓடினாள். கதவு அசையவில்லை. "அக்கா! கதவைத் திற!"

"கத்தாதடி." குரல் கதவுக்கு வெளியிலேயே இருந்தது. அக்கா போகவில்லை. "கத்தினா அவருக்குப் பிடிக்காது."

"எவருக்கு?"

"அவர் போகவே இல்லடி. அவரை யாரும் எடுத்துட்டுப் போகல. சாயங்காலமானா ஒண்ணொண்ணா உதிர்ந்துடுது. சுட்டு எடுத்து, சூடு ஆறதுக்குள்ள வெச்சு அழுத்தணும். என்னால முடியல. என் கை ஓஞ்சுபோச்சு."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. கதவைத் திற, அக்கா. ரெண்டு பேரும் போயிடலாம்."

"விடமாட்டாரு. ஒருத்தர் இருந்தாதான் இன்னொருத்தர் போகலாம்."

"அதுக்கு நானா? வேற யாருமே கிடைக்கலையா உனக்கு?"

வெளியே நீண்ட மூச்சு கேட்டது.

"ஆள் வெச்சுப் பார்த்தேன். அவர் ஏத்துக்கல. உன்னைத்தான் கேட்டாரு, குட்டி. முதல் நாள்லேர்ந்து உன்னைத்தான். ஒரு வருஷம் முடியாதுன்னு சொன்னேன். ஒரு வருஷம்! அதை நெனச்சுக்கோ."

அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளை உடைத்தது. சுமையை இறக்கி வைத்தவளின் அலுப்பு மட்டும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும். காலையில் வாசலில் அப்படி இறுக்கிக் கட்டிக்கொண்டதும் இதற்குத்தானா?

"நீ என்னை வளர்த்தியேக்கா."

படிகளில் செருப்புச் சத்தம். நிதானமாக ஆரம்பித்து, பாதியில் வேகம் பிடித்து, கடைசியில் ஓட்டமாக. கீழே ஒரு கார் கதவு. பிறகு அதுவும் இல்லை.

வெயில் போய்விட்டிருந்தது. விளக்குப் போடக் கை வரவில்லை. ஓவனின் சிவப்பு வெளிச்சம் மட்டும் கூடத்தில் நீண்டு விழுந்திருந்தது. வெண்ணெய் மணம் அடங்க, அந்த மற்ற வாடை தாராளமாக எழுந்தது.

ஈரத் துணியின் சத்தம். சுவரோடு. நெருங்கி.

தாழ்ப்பாள்.

அவள் சுவரில் முதுகை ஒட்டினாள். கண்ணை மூடினாள். மூடியே வைத்திருக்க முடியவில்லை. திறந்தாள்.

அத்தானின் சட்டைதான். அத்தானின் உயரம்தான். பட்டன்களை அக்கா கழுத்து வரை போட்டுவிட்டிருந்தாள். கழுத்துக்கு மேலே முகம் என்று எதுவும் இல்லை. மாவு. கட்டையால் தேய்த்துப் போர்த்திய வழவழப்பான மாவு, அங்கங்கே அக்காவின் கட்டைவிரல் பதிந்த பள்ளங்களோடு. பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்த காதுகள் காய்ந்து தோளில் உதிர்ந்து கிடந்தன.

அது சுவரைத் தடவித் தடவி மேடைக்கு வந்தது. நாற்காலியைக் கண்டுபிடித்தது. உட்கார்ந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டது. பிறகு அவள் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பி, மெல்ல உயர்த்திக் காட்டியது.

காத்திருந்தது.

வாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில், மாவுக்கு உள்ளேயிருந்து ஒரு நாக்கு, வெளியே வர வழி தேடி, இங்கும் அங்கும் முட்டிக்கொண்டிருந்தது.