இரண்டாவது கோடு

காலையிலிருந்து நான்கு முறை ஒரே வரியில் முரண்டுபிடித்து நின்ற பிழை, டானியலா எதையும் மாற்றாமல் ஐந்தாவது முறை கட்டளை கொடுத்தபோது காணாமல் போயிருந்தது. எழுத்துகள் தடையின்றித் திரையில் மேலேறிக்கொண்டிருந்தன. உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கணினிப் பாடம் நடத்துபவள் அவள். பிழைகள் காரணம் தெரியாமல் முளைப்பதைப் பார்த்திருக்கிறாள். தாமாக விலகிப் போனதைப் பார்த்ததில்லை.

"உமைர், அந்த நானூத்திப் பன்னிரண்டாவது லைன் எரர் போயிடுச்சு," என்றாள், மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்த கைப்பேசியிடம்.

"என்ன மாத்துனீங்க அக்கா?"

"ஒன்னும் மாத்தல."

"அப்படிலாம் தானா போகாது லா." உமைர் சிரித்தான். "சரி விடுங்க, போனவரைக்கும் நல்லது. அடுத்து என்ன கேக்குது?"

உமைர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எட்மண்டிடம் வேலை பார்த்தவன். எட்மண்ட் டானியலாவின் கணவன். அவன் இறந்து பத்து வாரமாகிறது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளின் மூச்சை ஒரு மைக் வழியாகக் கேட்டு, அது தடுமாறினால் சொல்லும் நிரல் ஒன்றை அவன் ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருந்தான். பாதி எழுதும்போதே அவனுடைய நுரையீரல் இறுகத் தொடங்கிவிட்டது. கடைசிக் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் முடிவுகளை மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். புதிய நிரல் இந்த வீட்டுக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அடக்கம் முடிந்த வாரத்தில், திரையில் வந்த அப்டேட் அறிவிப்பை அவள்தான் யோசிக்காமல் அழுத்தினாள். அதோடு எல்லாம் உடைந்துபோனது. இப்போது மூல நிரலிலிருந்து மறுபடி கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

டிசம்பர் மழை ரோவல் ரோட்டின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மணி மூன்றுதான், ஆனாலும் பதினோராம் மாடி ஜன்னலில் வெளிச்சம் ஈரச் சாம்பல் போலக் கிடந்தது. கீழேயிருந்து நனைந்த சிமெண்டின் வாடையும் யாரோ வதக்கும் வெங்காயத்தின் வாடையும் ஏறி வந்தன. அவற்றுக்கு அடியில், எத்தனை முறை தரையைத் துடைத்தாலும் போகாமல், யூகலிப்டஸ் தைலமும் ஆக்ஸிஜன் குழாயின் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த அறையின் சொந்த வாசனை இருந்தது. ஆக்ஸிஜன் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். கட்டில் மட்டும் கணினிக்கு இரண்டடி தள்ளி, விரிப்பில்லாமல் கிடந்தது.

"பழைய லைப்ரரிய போட்டுட்டேன். இன்னும் லிங்க் ஆகல," என்றாள்.

"பாத் குடுத்தீங்களா? புதுசு வேற ஃபோல்டர்ல இருக்கும், அதத்தான் மொதல்ல எடுக்கும்."

பாதையை மாற்றினாள். இரண்டு பிழைகள் குறைந்தன. புதிதாக ஒன்று வந்தது. இப்படியே ஒரு மணி நேரம். பிழைகளோடு இருப்பது அவளுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எண் இருந்தது. போய்த் திருத்த முடிந்தது. திருத்த முடியாத நாற்பது நிமிடம் அவளிடம் ஒன்று இருந்தது. அன்றைக்கு அவள் தேக்கா சந்தையில் கொடுவா மீனைச் சுத்தம் செய்து வாங்கக் காத்திருந்தாள். "போயிட்டு வா. நான் எங்க போகப் போறேன்?" என்றுதான் எட்மண்ட் சொல்லியிருந்தான். திரும்பி வந்தபோது இயந்திரம் மட்டும் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நாலேகாலுக்கு நிரல் பிழையில்லாமல் முடிந்தது.

"சூப்பர் அக்கா! ஃபைல எனக்கு அனுப்புங்க, ராத்திரிக்குள்ள டேட்டாவ ஓட்டிடுறேன். அதுக்கு முன்னாடி மைக்க ஆன் பண்ணி ஒரு டெஸ்ட் பாருங்க. ரூம்ல எத்தன பேர் மூச்சு விடுறாங்கன்னு காட்டும்."

அவளுக்குத் தெரியும். நோயாளியின் அருகில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் மூச்சை ஒதுக்கத் தெரியாவிட்டால் நிரலால் பயனில்லை என்று எட்மண்ட் சொல்வான். ஆளுக்கு ஒரு கோடு. மூலையில் எண்ணிக்கை.

மைக்கில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கோடு எழுந்து, தாழ்ந்து, மெதுவாக நகர்ந்தது. அவளுடையது. அதற்குக் கீழே, கொஞ்சம் தயங்கி, இன்னொன்று.

"ரெண்டுன்னு காட்டுது."

"ஃபேன் சத்தமா இருக்கும். ஆஃப் பண்ணிப் பாருங்க."

காற்றாடியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். சமையலறைக்குப் போய் குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தாள். மழையின் இரைச்சல் கண்ணாடிக்கு அப்பால் மங்கியது. அறை காது அடைத்ததுபோல் ஆனது.

இரண்டு.

"மூச்ச அடக்கிப் பாருங்க அக்கா. ஜீரோ வரணும்."

அடக்கினாள். அவள் கோடு தட்டையானது. எண் ஒன்றானது. கீழ்க்கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. சின்னச் சின்ன, அவசரமான ஏற்றங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிக்கல், கதவில் துணி மாட்டியதுபோல. பதினான்கு மாதம் இரவெல்லாம் விழித்துக் கேட்டிருந்த மூச்சு அது. இதை அவளுக்கு எந்த நிரலும் பிரித்துச் சொல்லத் தேவையில்லை.

"என்ன அக்கா, ஜீரோவா?"

"ஆமா," என்றாள். "சரியாயிடுச்சு."

ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் உமைர் வேறு ஒரு வழி சொல்லித் தருவான், அந்தக் கோடு போய்விடும் என்று மட்டும் தோன்றியது. ஃபைலை அனுப்பினாள். அழைப்பைத் துண்டித்தாள்.

பத்து நிமிடத்தில் உமைரிடமிருந்து செய்தி வந்தது. 'ஓடுது அக்கா! என் ரூம்ல கரெக்டா ஒன்னுதான் காட்டுது. சாரோட பேப்பர் தப்பிச்சுது.'

அப்படியென்றால் நிரலில் தவறில்லை.

அவள் நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பினாள். பயத்தோடு எட்டிப் பார்த்தாள். மெத்தையில் ஒன்றும் இல்லை. குழிவுகூட இல்லை.

"எட்மண்ட்?"

கோடு ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக அடித்துக்கொண்டது. பயந்தவனின் மூச்சு. நாற்பது நிமிடமும் இப்படித்தான் இருந்ததா? பத்து வாரமாகவும் இப்படியேதானா? அவள் கூடத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோதும், லூர்து மாதா கோயிலில் அவன் பெயருக்குப் பூசை வைத்தபோதும், இந்த அறையில் தனியாக?

அவளுக்குப் பயம் போய்விட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அங்கிருந்தும் திரை தெரிந்தது. தாதி சொல்லிக்கொடுத்தபடி அவனுக்கு மூச்சுத் திணறும்போதெல்லாம் செய்ததைச் செய்தாள்.

"நான் வந்துட்டேன் பாரு. எங்கயும் போகல. என்னோட சேர்ந்து விடு. உள்ள... மெதுவா... வெளிய."

நாலு எண்ணி இழுத்தாள். ஆறு எண்ணி விட்டாள். கீழ்க்கோடு தடுமாறியது. பிடிபடாமல் நழுவியது. பிறகு அவளோடு சேர்ந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. கண்ணீர் கழுத்துவரை ஓடியது. துடைக்கவில்லை. கை நகர்ந்தால் தாளம் கெட்டுவிடும்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கைப்பேசி அடித்தது. உமைர். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லலாமென அதற்குக் கை நீட்டி, வாயைத் திறந்தாள்.

மூச்சு வரவில்லை.

இன்னும் நேரமாகவில்லை என்பதுபோல் நெஞ்சு அசையாமல் இருந்தது. திரையைப் பார்த்தாள். கீழ்க்கோடு முதலில் எழுந்தது. அதன் பின்தான் அவளுடையது.

வேகமாக இழுக்க முயன்றாள். முடியவில்லை. கீழ்க்கோடு எழும்போதுதான் காற்று வந்தது. அது இறங்கும்போது போனது. உச்சியில் அந்தச் சிக்கல். இப்போது அவள் நெஞ்சிலும்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

இடைவெளி நீண்டது. எட்டு எண்ணினாள். அடுத்தது பன்னிரண்டு.

கீழ்க்கோடு எழுந்தது. சின்னதாக.

அவளுடையதும்.

இருபது.

காதுக்குள் இரைச்சல். ஜன்னல் விளிம்புகள் கறுத்தன. கைப்பேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

கீழ்க்கோடு இறங்கியது. தட்டையானது.

மேல்கோடும்.

மூலையில் எண் பூஜ்யம் ஆனது. டானியலா வாயைத் திறந்தபடி, கண் இமைக்காமல், அவன் அடுத்த மூச்சை எடுக்கக் காத்திருந்தாள்.