எட்டு மில்லி பாசம்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழ் நகரில் வயதான பெற்றோரை வீட்டில் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். யாராவது போட்டி மனு போட்டுவிட்டால், இரு தரப்பும் பாச வாரியத்தின் அரங்குக்குப் போய், கண்ணுக்குக் கீழே கண்ணீர்மானியை ஒட்டிக்கொண்டு, பூமியின் பழைய குடும்பப் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும். யாருக்கு அதிகம் சுரக்கிறதோ அவருக்கே தாய், அவருக்கே தந்தை. மூத்தவர் இருக்கும் வீட்டுக்குத்தான் ஜன்னல் ஒதுக்குவார்கள். மற்றவர்களுக்குச் சுவர்.

பூங்கோதை பதினோரு வருடமாக அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தாள். இந்த வருடம் அண்ணன் ஞானசேகர் மனு போட்டார். ஆறு வருடமாக அம்மாவை எட்டிப் பார்க்காதவர். அவர் வீட்டில் ஜன்னல் இல்லை.

படம் இருநூறு வருடப் பழசு. கத்தியில்லை, ரத்தமில்லை, வில்லன்கூடக் கடைசியில் தாம்பூலத் தட்டோடு வந்து நிற்பான். சின்ன வயதில் அம்மா மடியில் கிடந்து பூங்கோதையும் இதற்கு அழுதவள்தான். படத்துத் தாய் இருந்த சோற்றையெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, பசியில்லை என்று சொம்புத் தண்ணீரைத் தூக்கும் காட்சி வந்தது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா தெய்வநாயகி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். புடவை நனைந்திருந்தது. பூங்கோதை அவளைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போனாள்.

படம் முடிந்ததும் வாரியத் தலைவர் கஜேந்திரன் தாய்மையின் மகிமை பற்றி இருபது நிமிடம் பேசினார். பிறகு மானிகளைப் பார்த்தார்.

"ஞானசேகர் எட்டு மில்லி. பூங்கோதை பூஜ்யம். உங்க மானி கண்ணீருக்குப் பதிலா கோபம்னு காட்டுதேம்மா?"

"படத்துல அவ வெறும் வயித்துல தண்ணியக் குடிக்கிறா. அந்த வீட்டுல ஒருத்தனாவது நீ சாப்டியான்னு கேட்டானா சார்?"

"முக்கியமான சீன்ல எழுந்து வேற போயிட்டீங்க."

"அம்மா புடவை நனைஞ்சிருச்சு."

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

ஞானசேகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அம்மான்னா என்னன்னு இந்தப் படத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கணும், கோதை."

"எட்டு மில்லி வாய் கொப்பளிக்கக்கூடப் பத்தாதுண்ணே. காலையில அம்மாவுக்கு என்ன மாத்திரைன்னு சொல்லு, பாப்போம்."

அண்ணன் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

"நான் இவகூடவே இருந்துக்கிறேன்யா," என்றாள் தெய்வநாயகி.

கஜேந்திரன் கனிவாகச் சிரித்தார். "உங்க விருப்பத்த அளக்க எங்ககிட்ட கருவி இல்லீங்கம்மா."

பூங்கோதை கன்னத்திலிருந்த மானியைப் பிய்த்து அவர் மேஜைமேல் வைத்தாள். மாத்திரைப் பட்டியலை எழுதி அண்ணன் சட்டைப்பையில் திணித்தாள். "இதப் பாத்து அழ வேண்டாம். படிச்சாப் போதும்."

அடுத்த ஞாயிறு மதியம். ஞானசேகரின் புது ஜன்னல்மேல் படத்திரையைத் தொங்கவிட்டு, குடும்பமே கூடி அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கட்டில் உள்ளறையில். பட்டியல் சட்டையோடு சலவைக்குப் போயிருந்தது. திரையில் தாய் சொம்பைத் தூக்கினாள். ஞானசேகர் தேம்பத் தொடங்கினார்.

"ஞானம், கொஞ்சம் தண்ணி குடுப்பா."

இரண்டாம் முறை தெய்வநாயகி சற்று உரக்கக் கேட்டாள். வீட்டுப் பணிப்பொறி உள்ளறை வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தப் போகும்முன் பணிவாகச் சொன்னது:

"சத்தம் போடாதீங்க. ஐயா அம்மாவ நெனச்சு அழுதுட்டிருக்காங்க."