ஏழு நாள் ஈரம்

விடிந்தபோது சுவர் மூன்றாவது முறையாகத் திருகாணிகளைத் துப்பியிருந்தது. நான்கும் குளியலறைத் தரையில் கிடந்தன. பக்கத்தில் எஃகுப் பிடிகம்பி. துளை போட்ட இடத்தை ஜெசிந்தா விரலால் தடவிப் பார்த்தாள். தழும்புகூட இல்லை.

தூத்துக்குடியின் உப்புக்காற்று பழைய கட்டடங்களையெல்லாம் அரித்துத் தின்ற பிறகு வந்தவை தன்னாற்றுச் சுவர்கள். காரைக்குள் உறங்கும் நுண்ணுயிர்கள் சுண்ணாம்பு சுரந்து எந்த விரிசலையும் ஒரே இரவில் மூடிவிடும். எது விரிசல், எது சுவர் என்று அவற்றுக்குச் சொல்வது கட்டடம் முழுக்க ஓடும் நினைவுநார். கட்டி முடித்துக் காய்ந்த நாளில் சுவர் எப்படி இருந்ததோ அதுவே மூலவடிவம். அதற்கு மாறான எல்லாமே புண். அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த வளாகத்தில் பத்து வருடங்களாக ஒழுகலும் இல்லை, பூச்சு வேலையும் இல்லை. யாரும் ஒரு காலண்டர் மாட்டியதும் இல்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

ஜெசிந்தாவும் நினைத்ததில்லை, கணவன் ரெமிஜியுஸின் இடது பக்கம் பக்கவாதத்தில் தளரும்வரை. இரண்டு மாதத்தில் அவன் கோலூன்றி நடக்கத் தேறியிருந்தான். ஆனால் குளியலறையிலுள்ள கழிப்பிடத்தில் உட்காரவும் எழவும் அவள் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு திறந்தே இருக்கும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தான். நீர்த்தாரையில் தொற்று என்று டாக்டர் சொன்ன பிறகும், அவள் நீட்டிய தம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே வைத்தான்.

அவள் வளாகத்தின் பழுதுரையை அழைத்தாள். எந்த வீட்டுப் பழுதுக்கும் யோசனை சொல்லும் இயந்திரக் குரல் அது.

"வணக்கம். உங்கள் சுவர் நலமாக உள்ளது."

"சுவரு நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் நல்லால்ல. ஒரு பிடிகம்பி நிக்கணும்."

"துளையிடுவது பழுதாகக் கருதப்படும். மூலவடிவ மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் தொண்ணூறு நாளில் பதில் வரும். அதுவரை ஒட்டுக்கொக்கிகளைப் பயன்படுத்தலாம். ஒரு கொக்கி இரண்டு கிலோ தாங்கும்."

"அவரு எழுவத்தெட்டு கிலோ."

பழுதுரை கொஞ்சம் யோசித்தது. "அப்படியானால் முப்பத்தொன்பது கொக்கிகள் தேவைப்படும்."

உள்ளறையில் ரெமிஜியுஸ் சிரிப்பது கேட்டது. "ஏட்டி, நாப்பதா வாங்கு. ஒண்ணு கையில இருக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் வாளியை வைக்கக் குனிந்தாள். அங்கே குழாய் இணைப்பு ஒன்று பல வருடங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நினைவுநார் சுவரைத்தான் பார்த்துக்கொள்ளும், குழாயை அல்ல. குழாய் ஆடாமலிருக்க யாரோ ஒரு மரச்சக்கையைச் சுவரில் ஆப்பாகச் செருகியிருந்தார்கள். வாளியை வைத்துவிட்டு எழப்போனவள் அப்படியே நின்றாள். சக்கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அதைச் சுற்றி, சொட்டிச் சொட்டி நனைந்த சுவர் உதடு கட்டியிருந்தது.

இதை ஏன் துப்பவில்லை?

வாளி பாதி நிறையும்வரை அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேலை துறைமுகத்தில், புதிதாகப் போடும் கான்கிரீட் தளங்களை மேற்பார்வையிடுவது. கான்கிரீட் போட்டால் ஈரச்சாக்கு விரித்து, ஏழு நாள் காயவிடாமல் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரம் இருக்கும்வரை அது முடிந்த வேலை இல்லை. யோசிக்க யோசிக்க, இந்தச் சுவரும் அப்படித்தான் எண்ணுகிறது என்று தோன்றியது. காயாதவரை, தன்னை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அது நம்புகிறது. கட்டும்போது உள்ளே வருகிற எதுவும் புண் இல்லை. காய்கிற அன்றைக்கு எது இருக்கிறதோ அதுவே மூலவடிவம்.

அன்று மாலை நாலாவது தடவையாகத் துளை போட்டு, கம்பியை முடுக்கி, நனைத்த கோணிச்சாக்கை அதன்மேல் கட்டினாள். காலை, மதியம், மாலை என மூன்று வேளைத் தண்ணீர். மதியத்துக்குத் துறைமுகத்திலிருந்து ஓடி வந்தாள்.

நாலாம் நாள் ஓடி வர முடியவில்லை. கப்பல் ஒன்று முன்னதாக வந்துவிட்டது. மாலையில் வந்து பார்த்தபோது சாக்கின் ஒரு மூலை மொரமொரவென்று காய்ந்திருந்தது. அந்த மூலைத் திருகாணி ஒரு மரை வெளியே வந்திருந்தது. அவள் அதைத் திரும்ப முடுக்கினாள். வாசலில் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒரு ஸ்டூலப் போடு," என்றான் ரெமிஜியுஸ். "வலக்கை சும்மாதான கெடக்கு. நான் ஊத்துதேன்."

"நாள் பூராவுமா?"

"எனக்கு வேற எங்க போகணும்?"

அதன்பின் சாக்கு காயவே இல்லை. அவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் வாளி அருகே உட்கார்ந்து, கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான், பிடிவாதமாக.

ஏழாம் நாள் கழிந்து சாக்கை எடுத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் காயவிட்டார்கள். காலையில் நான்கு திருகாணிகளையும் சுவர் ஈறு பல்லைக் கவ்வுவதுபோலக் கவ்வியிருந்தது. ஜெசிந்தா கம்பியைப் பிடித்து, இரண்டு காலையும் தூக்கித் தொங்கினாள். சுவர் அசையவில்லை.

"எறங்கு. இனி என் முறை," என்றான் அவன்.

அவள் வெளியே வந்தாள். அவன் கதவைச் சாத்தினான். பிறகு அந்தச் சத்தம்: உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம். இரண்டு மாதத்தில் முதல் தடவை. ஜெசிந்தா கதவுக்கு வெளியே அசையாமல் நின்றாள். ஒரு பாட்டும் கேட்டது, சுருதி சேராமல்.

மறுநாள் எதிர்வரிசை மாடிவீட்டுக் கோமதிநாயகம் வந்தார். வளாகச் சங்கத்தின் செயலாளர். முகம் சிவந்திருந்தது.

"தங்கச்சி, எங்க ஹாலுல டிவிக்குப் பின்னால சுவத்துலருந்து சுண்ணாம்புல ஒரு கம்பு மொளச்சிருக்கு. அறுத்தெடுத்தேன். காலைல பாத்தா திரும்ப நிக்கு. பழுதுரையக் கேட்டா, மூலவடிவப்படி பழுது சரி செய்யப்பட்டதுங்கு. அறுவத்து நாலு வீட்டுலயும் இதே கூத்து. உங்க வீட்டுல மட்டும் இரும்புல நிக்காமே?"

நினைவுநார் கட்டடம் முழுமைக்கும் ஒன்றே என்பதை அவள் மறந்திருந்தாள். ஒரு சுவர் கற்றதை எல்லாச் சுவரும் கற்றுவிட்டது. எதிர்வரிசை வீடுகள் இடம் வலம் மாறிக் கட்டப்பட்டவை. அங்கெல்லாம் அது கூடத்தில் முளைத்திருந்தது. வெட்ட வெட்ட ஆறிக்கொண்டே இருக்கும். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். சக்கை, சாக்கு, ஏழு நாள்.

கோமதிநாயகம் ரெமிஜியுஸையும் அவன் பின்னால் சாத்தியிருந்த குளியலறைக் கதவையும் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன வேள தண்ணி?" என்று கேட்டார். "ஒரு பிள்ளையார் மாடம் வைக்கணும்னு வீட்டுல பத்து வருஷமாச் சொல்லுதா."

அந்த மாதம் தூத்துக்குடியில் கோணிச்சாக்கு கிடைக்கவில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டியதைச் சுவருக்குக் கற்றுக்கொடுத்தது. சுவர் அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரோ ஒரு நெட்டையன் துண்டு மாட்டும் கொக்கி, யாருடைய செருப்புக்கோ ஒரு தட்டு, எதற்கென்றே தெரியாத ஒரு வளையம். ஜெசிந்தாவும் வாசலுக்கு மேலே ஒரு சிறிய மரச்சிலுவையை நனைத்து நிறுத்தினாள். தன் வீட்டுச் சுவர் என்று ஒன்று அந்த வளாகத்தில் இல்லாமல் போனது. ஆணி அடிப்பதற்கு முன் அறுபத்து மூன்று வீட்டாரிடம் பேச வேண்டியிருந்தது. பத்து வருடம் அடுத்தவர் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்கள் மாடிப்படியில் நின்று சண்டை போட்டார்கள்.

ஒரு காலையில் ரெமிஜியுஸ் கூப்பிட்டான். கூடத்துச் சுவரில் வளைவு வைத்த அழகான மாடம் ஒன்று திறந்திருந்தது.

"பிள்ளையார் வீடு வந்திருக்கு. பிள்ளையாரத்தான் காணோம்."

"அப்ப அவுக வீட்டுல நம்ம சிலுவை வந்திருக்குமே," என்றாள் ஜெசிந்தா. "அண்ணாச்சி என்ன சொல்லுதாரோ."

அவன் கோலை எடுத்துக்கொண்டு தனியாக மாடியேறினான். யார் யாரோ முளைக்கவைத்த பிடிகள் படி நெடுகிலும் இருந்தன. அரைமணி கழித்துத் திரும்பினான்.

"சிலுவைல குடைய மாட்டி வச்சிருக்காரு. என்னப் பாத்ததும் பதறிப்போய் எடுக்கப் போனாரு. இருக்கட்டும், நானும் உங்க மாடத்துல என் மூக்குக் கண்ணாடியத்தான் வச்சிருக்கேன்னு சொன்னேன்."

"அதுக்கு அண்ணாச்சி?"

"பிள்ளையாருக்கும் வயசாகுதுல்லாங்காரு."