வாசலில் ஒற்றைச் சப்பாத்து

கிறிஸ்ரினா வைத்தபோது அந்தச் சப்பாத்தின் மூக்கு தெருவைப் பார்த்திருந்தது. இப்போது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜேர்மனியில், டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, முந்நூறு வருடத்து மரச்சட்ட வீடுகள் குடிவெறிகாரர்களைப்போல் தோளோடு தோள் சாய்ந்து நிற்கிற கிராமம் அது. 2004 மார்கழி. அவர்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். நேற்று கணவன் யூட்சன் அடுப்படிச் சுவரில் உதிர்ந்த களிமண்ணைச் சுரண்ட, உள்ளேயிருந்து அந்தக் குழந்தைச் சப்பாத்து விழுந்தது. ஒன்றே ஒன்று. கருவாடாய்க் காய்ந்த தோல். வீட்டுக்குள் சப்பாத்துக் கிடக்கலாமா என்று அவள்தான் அதை எடுத்துப்போய், மற்றக் காலணிகளோடு வாசலில் வைத்தாள்.

பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பனி ஊரின் சத்தங்களையெல்லாம் விழுங்கியிருக்க, ஈரக் களிமண் வாசம் அடுப்படியிலிருந்து மெல்லக் கூடத்துக்கு வந்தது; பழைய உத்தரங்கள் முனகின; மாடிப்படியில் ஏதோ ஒன்று, ஒரே காலால் கெந்துவதுபோல, நின்று நின்று ஏறுவது கேட்டது. மேலே நாலு வயது மகள் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். எழும்பிவிட்டாளோ?

"லாரா?"

தொலைபேசிதான் அடித்தது. வேலையிலிருந்து யூட்சன்.

"இஞ்ச ஒரு கிழவர் சொல்லுறார், வீட்டுக்கு வாற கெட்டதை அடைச்சு வைக்கத்தானாம் அந்தக் காலத்தில சுவருக்குள்ள சப்பாத்து வைக்கிறது. பிள்ளையெண்டு நினைச்சு அதுக்குள்ள போயிடுமாம். நீர் அதைத் திரும்பச் சுவருக்குள்ள வையும்."

"ஐயோ, நான் வாசல்ல எல்லோ வைச்சனான்."

"வாசல்லயோ?" யூட்சன் சிரித்தான். "சப்பாத்து வாசல்ல கிடந்தா, ஆள் உள்ள வந்திட்டுதெண்டெல்லோ அர்த்தம்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

படியெல்லாம் களிமண். படிக்கு ஒரு தடம். சின்னத் தடம். வலது கால் மட்டும்.

மேலே, சாத்திவிட்டு வந்த அறைக்கதவு திறந்திருந்தது.

லாரா தலை வரைக்கும் மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மூச்சில் போர்வை ஏறி இறங்கியது. மாதாவே, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கால்கள் மட்டும் வெளியே. மூடிவிடக் குனிந்தாள்.

மஞ்சள் காலுறையில் ஒரு கால். மஞ்சள் காலுறையில் இன்னொன்று.

நடுவில் மூன்றாவது.

வெறுங்கால். சாம்பல் நிறம். விரலிடுக்கில் களிமண்.

அவள் கை பட்டதும் அது போர்வைக்குள் இழுபட்டது. லாராவின் கால்களையும் சேர்த்துக்கொண்டு.

போர்வை மெல்லத் தணிந்தது. தணிந்து, மெத்தையோடு மெத்தையாகப் படிந்தது.