சாஆ திடலில் விழுந்த கட்டை

திடலோரத் தேநீர்க் கொட்டகைக்குள் கிருஷ்ணம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“நானா! எங்க வீட்டுக்காரரு பேர ஓட்டப் பட்டியல்லேருந்து அடிக்கப் போறாங்க. நீங்க வந்து கேளுங்க!”

எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் கடைக்காரர் நஜ்முதீன் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். காணாமல் போன ஆடு, மாறிப்போன பெட்டி என்று எது வந்தாலும் ஜொகூரின் சாஆ வட்டாரத்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள். அவருடைய மச்சான் கிபாயத்துல்லாவோ அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான்.

நடந்தது இதுதான். காலையில் நடந்த தொடர் ஓட்டத் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக ஓடிய மூர்த்தி கட்டையை நீட்ட, கடைசியாக ஓடும் அவள் கணவன் வீரமுத்து வாங்கும்போது அது கீழே விழுந்தது. பொறுக்கிக்கொண்டு பாய்ந்து எப்படியோ இரண்டாவதாக வந்துவிட்டான். மூன்று வருடமாகத் தோற்காதவன்! நாலு மணி இறுதி ஓட்டத்தில் ஜெயித்தால் ஜொகூர் பாருவில் மாநில அளவில் ஓடலாம்.

“வேணும்னே போட்டுட்டான். பக்கத்துத் தோட்டத்துக்கு வெல போயிட்டான்,” என்றார் திடலில் நின்ற தோட்ட அலுவலகக் கிராணி ராஜசேகரன், பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு.

“எண்ணெய் தடவிட்டாங்க மச்சான்!” என்று துள்ளினான் கிபாயத்துல்லா.

“தொட்டுப் பாரு. வழுக்குதா?” என்று கட்டையை நீட்டினார் நஜ்முதீன்.

வழுக்கவில்லை. கட்டையின் ஒரு பாதியில் செம்மண் அப்பியிருந்தது. மறுபாதி துடைத்தாற்போல் இருந்தது.

“மண்ணுல உருண்ட கட்டை. ஒரு பக்கம் மட்டும் ஏன் ஒட்டிச்சு?” என்ற நஜ்முதீன், ஓடிய நால்வரையும் வரிசையாக நிறுத்தினார். “கையக் காட்டுங்கப்பா.”

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் கைகள். ரேகைக்கு ரேகை கறுப்பு. மூர்த்தியின் வலது உள்ளங்கை மட்டும் பச்சைப் பிள்ளையின் கைபோல் வெளுத்திருந்தது.

“அலமாக்! இது என்ன கை?” என்றான் கிபாயத்துல்லா.

“ரப்பர் பால் காஞ்சு தோலா உரிஞ்சு வந்தா, அழுக்கையும் சேத்து எடுத்துட்டு வந்துடும். பிடி இறுகட்டும்னு பாலைத் தடவியிருக்கே மூர்த்தி, சரிதானே? மூடின கைக்குள்ள காத்து ஏது? காயாம பசையாவே நின்னுடுச்சு. ஓட்டம் முடிஞ்சப்புறம்தான் காஞ்சு உரிஞ்சிருக்கு. நீ பிடிச்ச பாதியிலதான் மண்ணு. வாங்கினவன் நழுவ விடல, கிராணி ஐயா. குடுத்தவன் கைதான் விடல. வீரமுத்து இழுத்தான், வெடுக்குன்னு பிரிஞ்சு விழுந்திடுச்சு.”

மூர்த்தி பொலபொலவென்று அழுதான். “போன வருசம் வேர்வையில நழுவப் பாத்திச்சு நானா. அதான்... இவ்வளவு பேச்சு வந்ததும் வாய் தொறக்க பயமாயிடுச்சு. நான் ஓடல. வேற ஆளப் போடுங்க.”

ராஜசேகரன் பேனாவை மூடினார். எல்லோரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள். ஒரு காலை நேரம் முழுக்கத் திட்டு வாங்கியவன் அவன்.

“வேற ஆளா? போடா மடையா, போயி கையக் கழுவு,” என்றான் வீரமுத்து.

நாலு மணி. கிபாயத்துல்லா பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டான். பக்கத்துத் தோட்டத்தான் இரண்டு கஜம் முன்னால் போக, பின்னால் மூர்த்தி புழுதி பறக்க வருகிறான். “திரும்பிப் பாத்து வாங்குடா!” என்று திடலே கத்துகிறது.

வீரமுத்து திரும்பவே இல்லை. முகத்தை முன்னால் வைத்து ஓடிக்கொண்டே, வலக்கையைப் பின்னால் விரித்து நீட்டினான்.

கட்டை அதில் பட்டென்று வந்து உட்கார்ந்தது.