கெட்செலின் மகள்மேல் விழுந்த பழி

கெட்செல் மழையில் நனைந்தபடி கல்மானின் வீட்டு முற்றத்திலேயே நின்றார். மேல்மாடியில் இறந்துபோன தையற்காரரின் உடலை இன்னும் எடுக்கவில்லை.

"உள்ள வாங்கய்யா!" என்று துவோஷா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"பிணம் போகட்டும். அதுவரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழ வரமாட்டேன்."

"பேய்னா அவ்வளவு பயமா?"

எங்கள் வில்னாவின் யூதத் தெருக்களில் சிக்கல் என்றால் துவோஷாவின் அண்ணன் கல்மானிடம்தான் வருவார்கள். அவர் குடையோடு இறங்கிப் போனார்.

"என் மக ஷிஃப்ரா கம்யூனிஸ்ட். நெருப்பைத் தொடக்கூடாத ஓய்வுநாள்ல சுருட்டுப் பிடிச்சா. வெளிய அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அவ முகம் பார்க்கலை," என்றார் கெட்செல், நிமிர்ந்த முதுகோடு. "இப்ப அவ ஆளுங்களே அவளைப் போலீஸ் கைக்கூலின்னு ஒதுக்கிட்டாங்களாம். என் வீட்ல நாத்திகம் பிறக்கலாம், துரோகம் பிறக்காது. அதை நிரூபிங்க."

மாலையில் அண்ணனும் தங்கையும் கட்சிக்காரர்கள் கூடும் ரொட்டிக்கடைப் பின்னறைக்குப் போனார்கள். கட்சியின் ரகசிய அச்சகம் பிடிபட்டு இரண்டு தோழர்கள் சிறையில் இருந்தார்கள். ஷிஃப்ரா உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

அச்சுக்கோக்கும் லேய்சர்தான் சாட்சி. "போன வாரம் அவ அம்மா கல்லறைகிட்ட அப்பனும் மகளும் தோளோட தோள் நின்னாங்க. கூடவே போலீஸ்காரன்! அப்பனோட ராசியாகத்தான் நம்மள வித்துட்டா."

"பெரியவர் ரொம்ப நேரம் நின்னாரா?" என்று கல்மான் கேட்டார்.

"கல்லைத் தொட்டு அழுதாரே!"

துவோஷா துள்ளினாள். "அண்ணா! காலையில மழையில நின்ன மனுஷனா?"

"அவரேதான். கெட்செல், ஆரோன் வழிவந்த யூத ஆசாரியக் குடும்பம். சாவுத் தீட்டு படக்கூடாது. மனைவியைப் புதைச்ச அன்னிக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குள்ள கால் வைக்க முடியாது. நீங்க மதத்தை விட்டீங்க, யாரு எந்தக் குடும்பம்ங்கறதையும் மறந்துட்டீங்க. நடக்காததைப் பார்த்தேன்னு சொல்றவனுக்கு, பழியை வேற தலையில போட வேண்டிய அவசரம் இருக்கு."

லேய்சர் எழுந்தான். கதவை மறித்து இருவர் நின்றார்கள். அவன் முகமே மீதியைச் சொல்லிவிட்டது.

கல்மான் ஷிஃப்ராவிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமேம்மா. ஏன் வாயைத் திறக்கலை?"

"அந்த மனுஷன் குலப்பெருமையைச் சொல்லி நான் தப்பிக்கணுமா? மாட்டேன்."

தோழர்கள் மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினார்கள். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு தனியே வெளியேறினாள்.

தெருவில் காத்திருந்த கெட்செலைப் பார்க்காமலே கடந்து போனாள். கல்மான் வந்து அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

கெட்செல் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என் மகதான்," என்றார். பிறகு அவள் போன திசைக்கு எதிர்த்திசையில் நடந்தார்.